துளசிமணி வரைந்த கடைசி வீடு

போன மாதம் ஒரு நாள் காலை, இப்போது நான் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "உங்களுக்குத் தாராபுரத்துல இருந்து போனுங்க, லைன்லயே இருக்காங்க" என்றார். தாராபுரத்திலிருந்து என்னைக் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரிடம் நான் பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. திட்டு வாங்கத் தயாராகத்தான் ரிசீவரை எடுத்தேன். ஆண் குரல் கேட்டது. "நான் முருகேசனுங்க. துளசிமணியோட தம்பி. அக்கா போயிட்டாங்க. மஞ்சக்காமாலைங்க. நேத்துப் பொழுதோட." எதிர்ச்சுவரில் மீட்டரின் சிவப்பு எண்கள் சைபரிலேயே நின்றன. "மத்தியானத்துக்கு மேல எடுத்துருவமுங்க. வாரதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கோயமுத்தூரில், கணபதியிலும் பீளமேட்டிலும் கணினியில் படம் வரைகிற உங்களில் பலருக்குத் துளசிமணி அக்காவைத் தெரியும். பிளாஸ்டிக் அச்சு வெட்டும் டை பட்டறைக்காரர்களுக்கும் தெரியும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பெண்கள் அவர் காலத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். முப்பது வயதுகூட நிரம்பாதவர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செத்துப்போனவர்களைச் சாமியாக்கிவிடுவது நம்மிடம் ஒரு பழக்கம். அவர் சாமி இல்லை. அடுத்தவர் வரைந்த கோட்டைப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஒரு வரைபடத்தை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "தப்பு இல்லீங்க" என்பதுதான் அவரிடம் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு. அதை வாங்குவதற்காக நான் இரண்டு வருடம் உழைத்தேன்.

நானும் அக்காவும் சேர்ந்து வேலை பார்த்த இடம் ஒரு மாடி அறை. கீழே மோட்டார் கடை. முதலாளி ராஜகோபால் சாருக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது, ஆனால் கணினிகளின்மேல் அபார பக்தி. அவை வந்த அன்று பூசணிக்காய் உடைத்துப் பொட்டு வைத்தார். கட்டிடத்திலேயே அந்த ஒரு அறைக்குத்தான் ஏ.சி. மில் முதலாளியானாலும் பண்ணையக்காரரானாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அக்கா சாப்பிடப் போகும்போது மவுஸைத் திருப்பி, அடியிலிருக்கும் உருண்டையைக் கழற்றித் தன் டிபன் டப்பாவின் மேல்தட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் இயந்திரத்தை வேறு யாரும் தொட முடியாது. ஒருமுறை ராஜகோபால் சார் அவசரமாக ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்து, அம்புக்குறி நகரவில்லை என்று மெக்கானிக்குக்கே போன் செய்துவிட்டார். மெக்கானிக் வருவதற்குள் அக்கா வந்து உருண்டையைப் போட்டு, "சூடாயிருச்சுங்க சார், ஆறட்டும்னு எடுத்து வெச்சனுங்க" என்றார். அவரும் தலையாட்டினார்.

நான் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்தவன். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏனுங்க விருத்தாசலம்" என்றுதான் கூப்பிடுவார். கோயமுத்தூருக்கு வந்த புதிதில் இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவதைக் கேட்டு நான் மயங்கிப்போனேன். பஸ் கண்டக்டர்கூட மரியாதையாகப் பேசுகிற ஊர் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அக்காவிடமும் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லாத்தானுங்க இருக்கும். யாருக்கு எப்ப வெட்டறாங்கன்னு பாத்துக்குங்க" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இனி ஒரு விளையாட்டுப் பலகையின் கதை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் வேலுச்சாமி என்பவர் போன் செய்தார். குழந்தைகளுக்கு, மேசைமேல் வைத்து ஆடுகிற மாதிரி ஒரு பலகை வேண்டுமாம். மாசி மாதம் காரமடைத் தேர்த் திருவிழாவுக்குள் கடைக்கு வந்துவிட வேண்டுமாம். "மேல இருந்து பந்து உழுகோணுமுங்க. நடுவால ஆணி. அப்படியே உழுந்து உழுந்து வந்து கீழ ஊட்டுக்குள்ள போயி நிக்கோணும். கீழ ஒரு ஏழெட்டு ஊடு. எந்த ஊட்ல உழுகுதோ அதுக்குத் தக்கன மார்க்கு. புரிஞ்சுதுங்களா?" புரிந்தது என்றேன். ஊடு என்றால் வீடு என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். வீட்டின் வகரம் போவதுபோலவே விழுவதன் வகரமும் போகும் என்பது மட்டும் தெரியாது. ஆகவே மறுநாள் நான் வரைந்த படத்தில் மேலே ஒருவர் காளைகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். ஆணிகள் பயிர் வரிசை. கீழே ஓட்டு வீடுகள்.

அக்கா என் திரைமுன் வந்து கொஞ்ச நேரம் நின்றார். "ஏனுங்க விருத்தாசலம், பந்து எதுக்குங்க ஏரோட்டுது?"

"அவர்தானே உழணும்னு சொன்னார்?"

சிரித்துச் சிரித்து அவர் தலையைக் கீபோர்டின்மேலேயே சாய்த்துவிட்டார். திரை முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உழுகோணும்னா விழணுமுங்க. ஊடுன்னு அவரு சொன்னது கட்டத்தை" என்றார். நான் எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அழிக்காதீங்க. ஏரை மட்டும் எடுத்துருங்க. மேல மேகம் போடுங்க. மழைதானுங்க உழுகுது? மரத்துல பட்டு மரத்துல பட்டு வந்து ஊருக்குள்ள உழுகட்டும். கீழ ஊடு ஊடாவே இருக்கட்டும்." இப்படியாக என் காது செய்த பிழையிலிருந்து ஒரு முழு ஊர் முளைத்தது. பந்து மழைத்துளி ஆனது. ஆணிகள் மரங்கள் ஆயின. கீழே இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு வீடு அல்லது ஊரின் ஓர் இடம் ஆனது.

வேலுச்சாமி வந்து பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏ.சி. குளிரில் தோளைக் குறுக்கி உட்கார்ந்தார். நடந்த கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல சிரிப்புக்காரர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "நான் உழுகச் சொன்னா நீங்க ஏரப் பூட்டிப்போட்டீங்களே தம்பி. ஆனா இது நல்லாருக்குதுங்க. இதையே செய்யுங்க." அக்கா பலகையை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். வேலுச்சாமிக்கு வாயெல்லாம் பல். "அம்மணி கெட்டிக்காரங்க. அம்மணிக்கு எந்த ஊருங்க?"

"தாராபுரம் பக்கமுங்க."

"தாராபுரத்துல எந்தப் பக்கமுங்க?"

"ஆத்துக்குத் தெக்கால பக்கமுங்க."

"ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

"பஸ்ஸு நிக்கற பக்கமுங்க."

அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். நான் வெளியூர்க்காரன்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் இதே கேள்வியை முரட்டுத்தனமாகக் கேட்பார்கள். இங்கே 'ங்க' போட்டுக் கேட்கிறார்கள். கேட்பது ஒன்றேதான்.

அக்காவுக்கு அந்தப் பலகைமேல் ஆசை வந்துவிட்டது. பம்ப் மூடியும் மோட்டார் கூடும் வரைந்து சலித்த கைக்கு அது ஒரு திருவிழா. எங்கள் மென்பொருளில் பலகையை வரையலாம், திருப்பலாம், நிழல் போட்டு ஒரு மதியம் முழுக்கக் காத்திருந்து பார்க்கலாம். பந்தை விழவைக்க மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குள்ளேயே கட்டளை எழுதும் வசதியைப் பயன்படுத்தி அக்கா ஒரு சின்ன நிரல் எழுதினார். ஒவ்வோர் ஆணியிலும் பந்து இடப்பக்கமா வலப்பக்கமா என்று பூவா தலையா போடுவதுபோல் கணினியே முடிவு செய்யும். பந்து போன வழியைப் பச்சைக் கோடாக இழுத்துக்கொண்டே வரும். எண்டர் தட்டிவிட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டுக்குமேல் கோடாக நடுவில் புதர்போல் அடர்ந்தது. ஓரத்துக்குப் போகப் போக மெலிந்தது. இரண்டு கடைசிக் கட்டங்களுக்கும் எப்போதாவது ஒரு கோடு தப்பிப் போனது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தை எதிர்பார்க்கவில்லை. "பாருங்க, மழைகூட ஊருக்கு நடுவுலதான் பேயுது."

மறுநாள் கட்டங்களுக்குப் படம் போட்டு முடித்திருந்தார். நடுவில் கோயில். அதன் பக்கத்தில் பண்ணாடி ஊடு, அதாவது நிலக்காரர் வீடு. பிறகு மளிகைக் கடை, பள்ளிக்கூடம், கிணறு. வலது கடைசியில் ஆறு. இடது கடைசியில் ஒட்டி ஒட்டி நிற்கும் சின்னக் கூரைகள். அதன்கீழே 'வளவு' என்று எழுதியிருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு வெளியே குடியிருக்கும் வரிசைகளுக்கு இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணும் போட்டிருந்தார். அடிக்கடி விழுகிற நடுக்கட்டங்களுக்குக் குறைவு. ஓரத்துக்குப் போகப் போக அதிகம். இரண்டு கடைசிகளுக்கும் நூறு நூறு. எந்த விளையாட்டிலும் அரிதாக விழுவதற்குத்தானே அதிக மதிப்பெண்? அதில் அவர் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. ஊர் எப்படி இருக்கிறதோ அப்படி வரைந்தார். பந்து எப்படி விழுகிறதோ அப்படி எண் போட்டார்.

பலகையின் அமைப்பை மட்டும் வேலுச்சாமி ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். ஃபிளாப்பியை டை பட்டறைக்குக் கொடுத்து அச்சு வெட்டவும் தொடங்கியிருந்தார்கள். மேலே ஒட்டுகிற படம்தான் பாக்கி. அதைப் பார்க்க வந்தவர் இடமிருந்து வலமாக விரலை ஓட்டினார். வலது மூலையில் நின்றார். "ஆத்துல உழுந்தா நூறு. செரி." இடது மூலைக்கு வந்தார். "வளவுல உழுந்தா நூறுங்களா?"

"ரெண்டும் ஓரமுங்க. ஒரே தூரம்" என்றார் அக்கா.

"அதுக்கில்லீங்க அம்மணி. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? ஒண்ணு பண்ணுங்க. வளவை நடுவுல கொண்டாந்து சைபரு போடுங்க. பண்ணாடி ஊட்ட ஓரத்துல வெச்சு நூறு போட்டுருங்க. முடிஞ்சுது."

"எந்த ஊர்லீங்க பண்ணாடி ஊடு ஊருக்கு வெளிய இருக்குது?"

அவர் சிரித்தார். "வெளையாட்டுதானுங்க?"

"செரீங்க, வெளையாட்டுதான். வளவைக் கோயிலுக்குப் பக்கத்துலயே வெச்சுர்றேன். டப்பா மேலயும் அப்படியே அச்சடிச்சுக் காரமடைத் தேர்க் கடையில விப்பீங்களா?"

சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவின் குரலில் சண்டை எதுவும் இல்லை. எந்த உறையில் அடைக்க வேண்டும் என்று கேட்பதுபோல்தான் கேட்டார். வேலுச்சாமியால் விற்க முடியாது. வளவைக் கோயிலுக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது, பண்ணாடி வீட்டை ஊருக்கு வெளியே தள்ளவும் முடியாது. தன் ஊரை அவருக்கு நன்றாகவே தெரியும். வழி இல்லாமல் போன மனிதர் கடைசியில் அதைக் கேட்டார். "அந்த ஊட்டு மேல உங்களுக்கு என்னங்க அத்தனை புடிவாதம்?"

"அது எங்க ஊடுங்க."

வேலுச்சாமி திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்தார். அதை அக்காதான் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்திருந்தார். குடிக்காமல் மேசைமேல் வைத்தார். "செரி. போயி ராஜகோபாலை வரச் சொல்லு" என்றார்.

கேட்டீர்களா? இத்தனை நாள் அம்மணி, கெட்டிக்காரங்க, சொல்லுங்க, போடுங்க என்று வந்தது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் வெட்டப்பட்டது. யாரும் திட்டவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. இந்த ஊரில் ஒருவரை அடிக்கக் கை தேவையில்லை, ஓர் அசையை எடுத்துவிட்டால் போதும். அக்கா எழுந்து, "கூப்பிட்டுட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய 'ங்க' அவரிடம் அப்படியே இருந்தது.

நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் நின்று கத்தினேன். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது, வேலையை விட்டுவிடலாம், இன்னும் என்னென்னவோ. அவர் மேல்படியில் உட்கார்ந்தார். வாசலில் கிடந்த வேலுச்சாமியின் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஊர்ல ஊர்த்தெருவுக்குள்ள போறதுன்னா எங்கப்பன் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாரு. இந்த ரூமுக்கு வந்த நாள்லருந்து பண்ணாடிக எல்லாம் கழட்டிப்போட்டுட்டு எங்கிட்ட வாராங்க. அதுக்காவே இந்த வேலைய விடாம இருந்தேன் விருத்தாசலம்" என்றார். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "கத்தாதீங்க. ஆணி அங்க இருக்குது. அவரு சொல்றாருன்னு பந்து போகாமயா இருக்கும்?"

மூலைக் கட்டத்தின் தடுப்பை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடலாமா என்று வேலுச்சாமி கேட்டாராம். அச்சு வெட்டி முடிந்துவிட்டது, இரும்பைத் திரும்ப வளர்க்க முடியாது என்று டை பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். எனவே படத்தை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். கூரைகள் இருந்த இடத்தில் வைக்கோல் போர் வந்தது. பெயர் போயிற்று. நூறு போய்ச் சைபர் வந்தது. ராஜகோபால் சார் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம், சுகாதாரம் என்று சொல்லி, வேலை பார்ப்பவர்களுக்குக் காப்பி குடிக்கப் பிளாஸ்டிக் கப் கட்டு வாங்கி வைத்தார். அவரும் வருகிறவர்களும் பழையபடி டம்ளரில் குடித்தார்கள். அக்கா தன் கப்பைத் தூக்கி எனக்குக் காட்டினார். "எனக்காக வாங்குனதுங்க. உங்களையும் சேத்துட்டாங்க பாருங்க. இப்ப நீங்க எங்க ஊட்டு ஆளு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது அடிக்கடி தேடுகிறேன்.

தேருக்கு என்னைக் காரமடைக்கு அழைத்துப் போனார். சாமி பார்க்கப் போவதாகத்தான் சொன்னார். போய் இறங்கியதும் கடைவீதிக்குள் நுழைந்தார். பொரிக் கடை, வளையல் கடை எல்லாம் தாண்டி ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் எங்கள் பலகை நின்றது. ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்துக் குழந்தைகளை ஆட விட்டிருந்தார் கடைக்காரர். மேகத்துக்குள் பந்தைப் போட்டார்கள். மரத்துக்கு மரம் தட்டி அது இறங்கியது. அக்கா குழந்தைகளின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் வரைந்த கோட்டின்மேல் நிஜப் பந்து ஓடுவதை அவர் அன்றுதான் முதலில் பார்க்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கு அவரைவிட மூத்தவனாகிவிட்டதுபோல் இருந்தது.

வைக்கோல் போரின்கீழே இருந்த சைபரைப் பேனாவால் அடித்து நூறு என்று எழுதியிருந்தது. ஏன் என்று நான் கடைக்காரரைக் கேட்டேன். "அட, இதுக சண்டைக்கு வருதுங்க. அந்த மூலைக்கு நூறு, இந்த மூலைக்கு மட்டும் ஏன் சைபருன்னு. நாயந்தானுங்களே? நானே மாத்திப்போட்டேன்" என்றார். எனக்கு ஒரே குதூகலம். ஜெயித்துவிட்டோம் என்று அக்காவின் தோளைத் தட்டினேன். அவர் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மார்க்கு வந்துருச்சு. ஊடு வரலீங்க."

அதன் பிறகு அந்த அறையில் அவர் அதிக காலம் இருக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. வருகிற வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக, "தம்பியே வரையட்டும்" என்று ராஜகோபால் சாரிடம் சொல்லத் தொடங்கினார்கள். அக்காவின் இயந்திரம் பாதி நாள் சும்மா கிடந்தது. கணபதியில் இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்த்தார், நீங்கள் அவரை அறிந்தது அப்போதுதான். உங்களிடம் அவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்குத் திரும்பி, தாராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி தட்டினார். பம்பும் மோட்டாரும் வரைந்தவர் ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை தட்டினார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மென்மையாக எழுத எனக்கு வராது.

போன் வந்த அன்று தாராபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்த டீக்கடையில் துளசிமணி வீடு எது என்று கேட்டேன். பெயர் யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைவாரே என்றேன். "எந்தப் பக்கமுங்க?" என்றார் ஒருவர். கம்ப்யூட்டரில் வரைபவர் என்றே மறுபடி சொன்னேன். அவரே யோசித்து, "செத்துப்போச்சே, அந்தப் புள்ளையா? நேராப் போயி, ஊரு முடிஞ்சதுக்கு அப்பறம்" என்றார். ஊர் முடிந்தது. நடுவில் ஒரு சோளக்காடு வந்தது. அப்புறம்தான் கூரைகள் வந்தன. ஊருக்குள் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. குழாய் வளவு வரைக்கும் புதைத்திருக்கிறார்கள், தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறுவதில்லை. கடைசிக் குழாயடியில் குழி தோண்டி, அதில் ஊறுவதைக் கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாக்கடை பக்கத்திலேயே ஓடுகிறது. மஞ்சள் காமாலை எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். முகமும் கண்ணின் ஓரமும் மஞ்சளாக இருந்தன. அவரை எடுத்தபோது ஊர்த்தெரு வழியாகப் போகவில்லை. அந்த வழி பாதிதூரம்கூட இருக்காது. வாய்க்கால் கரையில், முள் ஒதுக்கி, சேற்றில் வழுக்கி, சுற்றிக்கொண்டு போனோம். முருகேசனிடம் ஏன் என்று கேட்டேன். அவர் தோளில் பாடை இருந்தது. "இதாங்க நம்ம வழி" என்றார். செத்தவருக்கு 'ங்க' போட்டுத்தான் எல்லோரும் பேசினார்கள். 'அக்கா போறாங்க', 'அக்கா வாராங்க, முள்ளை ஒதுக்கு', 'அவங்க கால் பக்கம் தாழ்த்து' என்று. ஊருக்குள் யாரும் அவருக்குக் கொடுக்காததை அவர் ஆட்கள் வாய்க்கால் கரை முழுக்கக் கொடுத்துக்கொண்டே நடந்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், ஒரு கேள்விதான். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் மில் கட்டிடங்களுக்குப் படம் வருகிறது. ஆபீஸ் இருக்கும், கெஸ்ட் ஹவுஸ் இருக்கும், கார் நிற்கும் இடம் இருக்கும். வேலை செய்பவர்கள் தங்கும் இடம் மூலையில் வெறும் ஒரு கட்டமாக இருக்கும். கதவும் இருக்காது, குழாயும் இருக்காது. இவங்க வீடு எங்கே என்று நான் கேட்கிறேன். கேட்கும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, எதிரில் இருப்பவர் சண்டை என்று நினைத்துப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். அக்கா கேட்டிருந்தால் அவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தத் தணிந்த குரலை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன், அது இன்னும் என் தொண்டைக்குள் இறங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தால், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒருதரம் கேட்டுக் காட்டச் சொல்வேன்.